பாஞ்சாலங்குறிச்சியில் வெள்ளைக்காரன் கல்லறைக்குப் பூ வைக்கலாமா?

கரிசக்காட்டான் · ஞாயிறு இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுல ஒரு சின்ன மனவருத்தம். அதை இங்க வைக்கேன், பெரியவங்க சொல்லுங்க.

இன்னைக்கு அப்பாவையும் மகளையும் கூட்டிக்கிட்டு பாஞ்சாலங்குறிச்சி போயிட்டு வந்தோம். மக எட்டாவது படிக்கா. பாடத்துல கட்டபொம்மன் வந்ததுல இருந்து கூட்டிட்டுப் போங்கப்பான்னு ஒரே பிடி. பாளையங்கோட்டையில இருந்து காலையிலேயே கிளம்பி, வாகைக்குளம் தாண்டி உள்ள போனோம். ஜக்கதேவி கோயில்ல கும்பிட்டோம். 1974-ல அரசாங்கம் கட்டுன கோட்டையைச் சுத்திப் பாத்தோம். சுவர்ல வரைஞ்சிருக்க படத்தை எல்லாம் மக ஒண்ணொண்ணா நின்னு பாத்தா. பழைய மண்கோட்டை இருந்த இடத்தையும் காட்டினேன். அப்பா குனிஞ்சு ஒரு பிடி மண்ணு எடுத்து வேட்டி முனையில முடிஞ்சுக்கிட்டாக. அந்த மண்ணைக் கரைச்சுக் குடிச்சா பிள்ளைக்கு வீரம் வரும்னு அவுக சின்னப்பிள்ளையில கேட்ட பேச்சு.

பொறவு பக்கத்துல இருக்க வெள்ளைக்காரங்க கல்லறைக்குப் போனோம். அங்கதான் பிரச்சனை. உடைமரத்து நிழல்ல வரிசையா கிடக்கு. காரை பேந்து செங்கல் தெரியுது. ஒரு கல்லறை மேல ஓணான் ஒண்ணு வெயில் காஞ்சுக்கிட்டு இருந்துச்சு. மக கிட்டப் போயி எழுத்தைத் தடவித் தடவிப் பாத்தா. கோயில்ல வாங்குன பிச்சிப்பூ அரை முழம் தலையில இருந்துச்சு. அதைக் கழட்டி அந்தக் கல்லு மேல வச்சிட்டா.

அப்பாவுக்கு வந்துச்சே கோவம். "அவன் நம்மளக் கொல்ல வந்தவன். ஜக்கம்மா பூவை அவனுக்கா வைக்க? எடுலே அதை"ன்னு சத்தம் போட்டாக. மக எடுக்கல. "தாத்தா, அவங்க அம்மா இங்க வந்து பாத்திருக்க மாட்டாங்கல்ல"ன்னு மட்டும் சொன்னா. வீடு வாரவரை வண்டியில ஒருத்தரும் பேசல.

நான் யாரு பக்கம் நிக்கணும்னு எனக்கே தெரியல.

வல்லநாட்டான் · ஞாயிறு இரவு 10.15

அப்பா சொன்னதுதான் சரி அண்ணாச்சி. பிள்ளை மேல குத்தம் இல்ல, அது பச்சை மனசு. ஆனா நம்ம சொல்லிக் கொடுக்கணும்.

அந்தக் கல்லறையில கிடக்கவன் விருந்துக்கு வந்தவன் இல்ல. 1799 செப்டம்பர் 5, கிழக்கிந்தியக் கும்பினித் தளபதி பானர்மேன் படையோட வந்து கோட்டையை அடிச்சவன். அதுக்குப் பொறவு என்ன பண்ணினாங்க? கட்டபொம்மனோட மந்திரி தானாபதி சுப்பிரமணிய பிள்ளையை நாகலாபுரத்துல கொன்னு, தலையை ஈட்டியில குத்தி பாஞ்சாலங்குறிச்சியில நட்டு வச்சாங்க. அக்டோபர் 16, கயத்தாத்துல அத்தனை பாளையக்காரங்களையும் கூட்டி வச்சு, அவங்க கண்ணு முன்னால கட்டபொம்மனைப் புளியமரத்துல தூக்குல போட்டாங்க. 1801-ல ரெண்டாவது தடவை கோட்டை விழுந்ததும் அதைத் தரைமட்டமாக்கி, ஊரு பேரே இருக்கக்கூடாதுன்னு கணக்குல இருந்து எடுக்கச் சொன்னாங்க. அந்த மண்ணுல ஆமணக்கு விதைச்சாங்கன்னு எங்க பக்கத்துல இன்னைக்கும் சொல்லுவாங்க. ஒரு ஊரோட பேரையே அழிக்க நினைச்சவனுக்குப் பூவா?

பூ வைக்கணும்னா கயத்தாறுல வைங்க. நடிகர் திலகம் சொந்தக் காசுல இடம் வாங்கிச் சிலை வச்ச இடம் அது. அங்க நிக்கும்போது எனக்கு இன்னைக்கும் நெஞ்சு அடைக்கும்.

தச்சநல்லூர் அக்கா · ஞாயிறு இரவு 10.32

கயத்தாறுன்னதும் எங்க ஆச்சி ஞாபகம் வந்துட்டு. அந்தக் காலத்துல அந்த வழியா நடந்து போறவங்க, வண்டி கட்டிப் போறவங்க, தூக்குப் போட்ட இடத்துல ஒரு கல்லைப் போட்டுட்டுப் போவாங்களாம். போட்டுப் போட்டு அது ஒரு குவியலாவே கிடந்துச்சுன்னு ஆச்சி சொல்லுவாக. சிலை கிடையாது, மண்டபம் கிடையாது, எழுதி வைக்க விடவும் மாட்டான். ஆளுக்கு ஒரு கல்லு. எனக்கு அதுதான் பெரிய நினைவுச்சின்னமாத் தெரியுது.

பிள்ளையைத் திட்டாதீங்க தம்பி.

பாளை வாத்தியார் · திங்கள் காலை 6.05

முப்பத்திரண்டு வருடம் வரலாறு நடத்தியவன். இரவே படித்தேன், தூக்கம் பிடிக்கவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வல்லநாட்டுத் தம்பி சொன்ன செய்தி அத்தனையும் உண்மை. ஆனால் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை. அன்றைக்குக் கோட்டையை அடிக்க வந்த படையில் எத்தனை பேர் வெள்ளைக்காரர்? கும்பினிப் படையில் பெரும்பாலோர் சிப்பாய்கள். நம் சீமையிலும் சுற்றுவட்டாரத்திலும் சேர்த்த ஆட்கள். பக்கத்துப் பாளையமான எட்டயபுரத்து ஆட்களும் கும்பினியோடு நின்றார்கள். மண் சுவர்தானே என்று நினைத்து வந்தவர்கள் அந்தச் சுவரைத் தாண்ட முடியாமல் செத்து விழுந்தார்கள். அவர்களில் வெள்ளை அதிகாரிகளுக்குக் கல்லறை இருக்கிறது, பெயர் இருக்கிறது, பதவி இருக்கிறது. சிப்பாய்க்கு என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. கோட்டைக்குள் நின்று செத்தவர்களுக்கும் தலைவர்கள் சிலரைத் தவிர ஒன்றுமில்லை.

இரண்டாவது போரைப் பாருங்கள். 1801 பிப்ரவரி 2, கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை நம் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்புகிறார். இடித்துப்போட்ட கோட்டை சில நாட்களில் மறுபடி எழுந்துவிட்டது. எத்தனை கைகள் மண் சுமந்திருந்தால் அது நடக்கும்! மார்ச் கடைசியில் கும்பினித் தளபதி மெக்காலே அடித்துப் பார்த்தான், முடியவில்லை. அதற்குப் பிறகு அக்னியூ பெரிய பீரங்கிகளோடு வந்து, மே 24-ஆம் தேதி சுவரை உடைத்து உள்ளே புகுந்தான்.

அந்தப் போரில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்கிற கும்பினி அதிகாரி பின்னாளில் தன் நினைவுகளை எழுதினார், 1830-இல் அச்சானது. அதில் ஒரு சம்பவம் உண்டு. வகுப்பில் அதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். கோட்டை விழுந்த பிறகு, ஒரு தாய் வேறு சில பெண்களோடு பிணக்குவியலில் மகனைத் தேடுகிறாள். குற்றுயிராகக் கிடந்த மகனைக் கண்டுபிடிக்கிறாள். அவன் என்னை விடு, பக்கத்தில் சாமி கிடக்கிறார், அவரைக் காப்பாற்று என்கிறான். சாமி என்றது ஊமைத்துரையை. அந்தப் பெண்கள் ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் கிடத்துகிறார்கள். தேடி வந்த எட்டயபுரத்து ஆட்களிடம், மேலே துணியைப் போர்த்திவிட்டு, பிள்ளை வைசூரியில் (பெரியம்மையில்) செத்துப்போனான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வைசூரி என்றதும் வந்தவர்கள் ஓட்டம் பிடித்துவிட்டார்கள்.

அந்தப் பையனின் பெயர் என்ன? வெல்ஷ் எழுதவில்லை. அந்தத் தாயின் பெயர்? அதுவும் இல்லை. எதிரியே மதித்து எழுதிய தியாகம் அது, ஆனால் பெயர் இல்லாமல் நிற்கிறது. ஊமைத்துரையை அதே ஆண்டு நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிட்டார்கள். அவர் பெயரை நாம் காப்பாற்றிவிட்டோம். அவரைக் காப்பாற்றியவன் பெயர் போய்விட்டது.

என் கருத்து: குழந்தை வைத்த பூ தப்பில்லை. அந்த இடத்தில் பூ வைக்க வேறு கல் இல்லாததுதான் நம் குறை.

வல்லநாட்டான் · திங்கள் காலை 7.20

ஐயா, சிப்பாய்ங்களைப் பத்தி நீங்க சொன்னதை மறுக்கல. ஆனா கூலிக்குப் போனவனும் மண்ணுக்கு நின்னவனும் ஒண்ணாகிருவானா? நடுகல் நட்டது யாருக்கு? ஆநிரை மீட்டுச் செத்தவனுக்கு, ஊருக்காக நின்னவனுக்கு. தொல்காப்பியத்துலேயே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல்னு முறை சொல்லியிருக்கு. எவனுக்கு வேணாலும் நடுகல்னு சொல்லல.

பாளை வாத்தியார் · திங்கள் காலை 7.48

ஒன்றாக மாட்டான் தம்பி. நான் அப்படிச் சொல்லவில்லை. தொல்காப்பியத்தை எடுத்தீர்கள், மகிழ்ச்சி. அந்த வரிசையில் பெரும்படை, வாழ்த்தல் இரண்டும் சேர்ந்து ஆறு. கல்லைத் தேடுவது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது. நடுகல்லில் பெயரும் பீடும் எழுதினார்கள் என்று அகநானூறு சொல்கிறது. நாம் படையலோடும் வாழ்த்தோடும் நின்றுவிட்டோம், பெயரை விட்டுவிட்டோம். என் ஆதங்கம் அதுதான்.

சுரண்டை ஹவில்தார் · திங்கள் பகல் 1.10

வணக்கம். மெட்ராஸ் ரெஜிமெண்ட், பதினேழு வருஷம் சர்வீஸ், இப்ப பென்ஷன். எழுதப் பழக்கமில்ல, தப்பு இருந்தா மன்னிச்சுக்கோங்க.

நான் ஒரு பட்டாளத்துக்காரனாச் சொல்லுதேன். எதிரிக்கு மரியாதை பண்ணுனா நம்ம ஆளுக்கு மரியாதை குறையாது. கார்கில் சண்டையில பாகிஸ்தான் அவங்க சிப்பாய்ங்க உடம்புகளை நிறைய வாங்கிக்கல. நம்ம ராணுவம்தான் அவங்க மார்க்கப்படி தொழுகை நடத்தி, துணி போர்த்தி அடக்கம் பண்ணுச்சு. அதை ஒரு மௌல்வி ஐயா செஞ்சாக. பண்ணச் சொன்னது அதே மலையில ஆளைப் பறிகொடுத்த அதிகாரிங்க. சண்டை முடிஞ்சதும் செத்தவன் மேல பகை இல்ல. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அப்படி.

பொறவு ஒருதடவை லடாக் பக்கம் போஸ்டிங். திராஸ் போனேன். டோலோலிங் மலை அடிவாரத்துல நினைவிடம். பின்னால அதே மலை, சும்மா நிக்கி. அதுலதான் ராத்திரியில ஏறுனாங்க. இளஞ்சிவப்புக் கல்லு சுவர்ல பேரு பேரா இருக்கு. அந்தச் சண்டையில செத்தது 527 பேரு. கூட டிரெயினிங் எடுத்த ஒருத்தன் பேரைத் தேடுனேன். விரல் வச்சு ஒவ்வொரு வரியா இறக்கிக்கிட்டே வந்தேன். கையுறை போட்டிருந்தேன், எழுத்து விரல்ல படல. கழட்டிட்டேன். குளிர்ல விரல் மரத்துப் போச்சு, ஆனாலும் அவன் பேரோட முதல் எழுத்து பட்டதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அங்கனயே உக்காந்துட்டேன். பக்கத்துல நின்ன பஞ்சாபிக்காரன் ஒண்ணும் கேக்கல. தோள்ல கை வச்சான், அவ்வளவுதான்.

பேரு இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. வாத்தியாரய்யா சொல்லுதது எனக்கு நல்லாப் புரியுது.

தென்காசி தங்கை · திங்கள் மாலை 5.30

ஹவில்தார் அண்ணாச்சி, ஒரு சந்தேகம். 2019 பிப்ரவரி 14 புல்வாமாவுல செத்த 40 பேருல ஒருத்தர் நம்ம கயத்தாறு பக்கத்து சவலாப்பேரிக்காரர். போன வருஷம் டெல்லி போனப்ப தேசியப் போர் நினைவிடத்துல அவர் பேரைத் தேடுனேன், கிடைக்கல. மனசு கஷ்டமாப் போச்சு. விட்டுட்டாங்களா?

சுரண்டை ஹவில்தார் · திங்கள் மாலை 6.02

விடல தங்கச்சி. இண்டியா கேட் பக்கத்துல 2019 பிப்ரவரி 25 திறந்தது முப்படைக்கு உள்ளது. 1947-க்குப் பொறவு ராணுவம், கடற்படை, விமானப்படையில செத்தவங்க பேரு கிரானைட் கல்லுல இருக்கும். அவர் சிஆர்பிஎஃப். மத்திய ஆயுதப்படை, போலீஸ் ஆளுங்களுக்குத் தனியா சாணக்கியபுரியில தேசியக் காவலர் நினைவிடம் இருக்கு, 2018 அக்டோபர் 21 திறந்தாங்க. அடுத்த தடவை அங்க போய்ப் பாருங்க.

அந்த அக்டோபர் 21 சும்மா வச்ச தேதி இல்ல. 1959-ல அதே நாள் லடாக் ஹாட் ஸ்பிரிங்ஸ்ல சீனப்படை சுட்டு சிஆர்பிஎஃப்காரங்க பத்துப் பேரு செத்தாங்க. அதுக்காகத்தான் வருஷா வருஷம் காவலர் வீரவணக்க நாள். நம்ம பாளையங்கோட்டை ஆயுதப்படை மைதானத்துலேயும் நினைவுத்தூண் இருக்கு. அன்னைக்குக் காலையில குண்டு முழங்க மரியாதை நடக்கும்.

டெல்லி நினைவிடத்துல சாயங்காலம் நின்னீங்களா? தினமும் பொழுது சாயும்போது, செத்த ஒரு வீரரோட குடும்பத்துல இருந்து ஒருத்தர் வந்து மலர்வளையம் வைப்பாங்க. அதைப் பாக்காம வந்திராதீங்க.

தச்சநல்லூர் அக்கா · திங்கள் இரவு 8.50

எல்லாரும் பேரு பேருன்னு சொல்லும்போது நானும் ஒண்ணு சொல்லியாகணும். இதை வீட்டுக்கு வெளிய சொன்னதில்ல.

எங்க ஆச்சிக்கு ஒரு அண்ணன். ரெண்டாம் உலகப்போர்ல பட்டாளத்துல சேந்து மலேயா போனவர். 1942-ல சிங்கப்பூர் விழுந்துச்சு. அதுக்குப் பொறவு ஒரு கடுதாசி இல்ல. கொஞ்ச நாள் கழிச்சு காணவில்லைன்னு ஒரு தாள் வந்துச்சாம். செத்த தேதி தெரியாததால திதி கொடுக்க முடியாது. ஆடி அமாவாசைக்குத் தாமிரபரணிக் கரையில, குறுக்குத்துறையில எல்லாருக்கும் எள்ளும் தண்ணியும் விடும்போது, கடைசியா ஒரு கை தனியா விடுவாக. ஆச்சி கரையில நின்னு, "அண்ணனுக்கு, எங்க இருந்தாலும்"ம்பாக. செத்துட்டாருன்னு ஒரு நாளும் வாயால சொன்னதில்ல. வீட்டுல விசேஷம்னா ஒரு இலை தனியா விழும்.

ஆச்சி போயி பல வருஷம் கழிச்சு, சிங்கப்பூர்ல வேலை பாக்க எங்க அக்கா மகன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தோட இணையப் பக்கத்துல தேடுனான். பேரை நம்ம எழுதுத மாதிரி போட்டாக் கிடைக்கல. திருநெல்வேலியை வெள்ளைக்காரன் எழுதுத மாதிரி டின்னவெல்லின்னு ஊரைப் போட்டு, ரெஜிமெண்டைப் போட்டு, எழுத்தை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தான். வந்துச்சு. அப்பா பேரு சரி, ஊரு பேரு கொஞ்சம் சிதைஞ்சு கிடந்துச்சு. கிராஞ்சி நினைவிடம், தூண் நம்பரோட. உடம்பு கிடைக்காதவங்க பேரு மட்டும் அந்தச் சுவர்கள்ல 24,000-க்கு மேல இருக்காம்.

லீவுக்கு வந்துட்டுப் போகும்போது ஒரு சின்ன பாட்டில்ல குறுக்குத்துறைத் தண்ணி எடுத்துட்டுப் போனான். வாட்ஸ்அப்ல வீடியோ கால் போட்டுக் காட்டுனான். வெள்ளைச் சுவர், வரிசையாப் பேரு, அத்தனையும் இங்கிலீசு எழுத்து. எங்க தாத்தா பேரு என் முழங்கை உயரத்துல இருந்துச்சு. அந்தத் தூணுக்குக் கீழ புல்லுல தாமிரபரணித் தண்ணியை ஊத்துனான். நான் இங்க சமையக்கட்டுல நின்னு, "அண்ணன் இருக்க இடம் தெரிஞ்சுபோச்சு ஆச்சி"ன்னு சத்தமாவே சொன்னேன்.

அவர் வெள்ளைக்காரன் பட்டாளத்துல செத்தவர்தான். அதனால அவர் எங்களுக்கு இல்லாமப் போவாரா? வல்லநாட்டுத் தம்பி, உங்களைக் குத்திச் சொல்லல. பாஞ்சாலங்குறிச்சிச் சிப்பாய்க்கும் ஒரு தங்கச்சி இருந்திருப்பா. அவ யாருகிட்டப் போய்த் தேடுனாளோ.

பினாங்குப் பேரன் · திங்கள் இரவு 9.35

அக்கா, படிச்சுட்டு அழுதுட்டேன். நாங்க பினாங்குல மூணு தலைமுறை, பூர்வீகம் அம்பாசமுத்திரம் பக்கம். உங்க தாத்தாவுக்குச் சுவர்ல பேராவது கிடைச்சது. சயாம், அதாவது தாய்லாந்து, பர்மா மரண ரயில் பாதையில செத்த தோட்டத்துத் தமிழனுக்கு அதுவும் இல்ல. 1942, 43-ல 415 கிலோமீட்டர் தண்டவாளம். ஜப்பான்காரன் தோட்டத்துல இருந்து லாரி லாரியா ஏத்திட்டுப் போனான். காலராவுலயும் பட்டினியிலயும் பல்லாயிரம் பேரு. தாய்லாந்து காஞ்சனபுரியில கைதிச் சோல்ஜர்களுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கு, தலைமாட்டுல பேரு, வயசு எல்லாம் இருக்கு. நம்ம ஆளுங்களைக் கூட்டமாக் குழியில போட்டதுதான். ரொம்பப் பிந்தித்தான் அங்க ஒரு பௌத்த விகாரையில தமிழங்களுக்கு நடுகல் நட்டாங்க. போயிட்டு வந்தேன். கல்லு இருக்கு, பேரு இல்ல. எழுத யாருகிட்டயும் பட்டியல் இல்ல.

வல்லநாட்டான் · திங்கள் இரவு 11.20

அக்கா, நீங்க குத்தல. நானே யோசிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்.

மனசுல உள்ளதைச் சொல்லிருதேன். நான் அந்தக் கல்லறைக்குப் பூ வைக்க மாட்டேன். என்னால முடியாது. அந்தத் தலையை ஈட்டியில நட்டது என் கண்ணுக்குள்ளயே நிக்கி. ஆனா அந்தப் பிள்ளை வச்ச பூவை எடுக்கச் சொன்னதும் சரியில்லன்னு இப்பத் தோணுது. அண்ணாச்சி, அப்பாகிட்ட நான் அவுக பக்கம்தான்னு சொல்லுங்க. இதையும் சேத்துச் சொல்லுங்க.

வாத்தியாரய்யா, அந்தத் தாய் கதை எனக்குத் தெரியாது. வல்லநாட்டுல இருந்துக்கிட்டு இத்தனை வருஷம் தெரியாம இருந்திருக்கேன். எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லுவேன்.

கரிசக்காட்டான் · செவ்வாய் இரவு 9.05

எல்லாருக்கும் கும்பிடு. நேத்து ராத்திரி சாப்பிட்ட பொறவு அப்பாவைத் திண்ணையில உக்கார வச்சு, முதல்ல இருந்து வாசிச்சுக் காட்டுனேன். அவுகளுக்குக் கண்ணு சரியாத் தெரியாது. வல்லநாட்டுத் தம்பி எழுதுனதுக்கு "அப்படிச் சொல்லு"ன்னு தொடையைத் தட்டுனாக. தாய் கதை வந்ததும், திரும்ப வாசின்னாக. ரெண்டு தடவை வாசிச்சேன். அக்கா எழுதுனதுக்கு ஒண்ணும் பேசல. எந்திரிச்சுப் போய்ப் படுத்துட்டாக.

இன்னைக்குக் காலையில மக பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது, கூப்பிட்டுக் கேட்டாக. "அந்தக் கல்லுல என்ன பேருலே எழுதியிருந்துச்சு?" அவ நோட்டுல எழுதி வச்சிருந்தா, எழுத்து தேஞ்சு போயி பாதிதான் தெரிஞ்சுச்சாம். வாசிச்சுக் காட்டுனா. அப்பா கேட்டுட்டு, "நம்மாளுக பேரு எங்கயாவது எழுதியிருந்துச்சா?"ன்னாக. இல்ல தாத்தான்னா. கொஞ்ச நேரம் சும்மா இருந்தாக. பொறவு வேட்டி முனையில முடிஞ்சு கொண்டாந்த மண்ணை ஒரு சம்படத்துல போட்டு சாமி அலமாரியில வச்சிட்டாக. கரைச்சுக் குடிக்கக் கொடுக்கல.

மே மாசம் ஜக்கதேவி கோயில் திருவிழாவுக்குத் திரும்பவும் போகணும்ங்காக. கோட்டை மேட்டுக்கும் கல்லறைக்கும் நடுவுல வெறும் பொட்டல்தான் கிடக்கு, அங்க ஒரு கல்லைப் போடணுமாம், கயத்தாத்துல போட்ட மாதிரி. கல்லு ஆத்துல இருந்து எடுக்கணுமாம். தொல்லியல் துறை இடம், அங்க எதுவும் நடக்கூடாதுன்னு சொன்னேன். "நடுதேன்னா சொன்னேன்? போடுதேன்"னாக.

தச்சநல்லூர் அக்கா · செவ்வாய் இரவு 9.20

நானும் வாரேன் தம்பி. குறுக்குத்துறையில கல்லு நான் எடுத்துட்டு வாரேன். அப்பாகிட்டச் சொல்லுங்க.

சுரண்டை ஹவில்தார் · செவ்வாய் இரவு 9.31

தேதி முடிவானதும் போடுங்க. சுரண்டையில இருந்து நானும் இன்னும் ரெண்டு முன்னாள் படைவீரங்களும் வேன் பிடிச்சு வாரோம். வண்ணாரப்பேட்டை பைபாஸ்ல ஏத்திக்கிடலாம். வாத்தியாரய்யா, முன்சீட் உங்களுக்கு.

வல்லநாட்டான் · செவ்வாய் இரவு 9.44

வல்லநாட்டுல நிறுத்துங்க. ஆளுக்கு ஒரு கல்லுதானே?